கொசுறாக ஒரு பொத்தான்

கடை திறக்க அரைமணி இருக்கும்போது
பொம்மைக்கு நீராவி பிடிப்பது என் வேலை.
தலையில்லாத பொம்மை.
ஆனாலும் லா பாஸ் நகரத்தில்
அதற்குத்தான் முதலில் குளிர்காலம் வருகிறது,
இத்தாலியிலிருந்து, மெல்லிய தாள் சுற்றி,
நாலாயிரத்து எண்ணூறு பொலிவியானோ.

என் இரண்டு மாதச் சம்பளம் அந்த ஜாக்கெட்,
சோறும் வாடகையும் வேண்டாமென்றால்.

ஏழு வாரமாய்த் தொட்டுத் தொட்டு
பாடமாகிவிட்டது.
தோளில் இரட்டைத் தையல்.
ஜிப்பின் பல் பித்தளை.
அக்குளில் காற்றுக்கு மூன்று கண்.
உள்ளே வாத்தின் நெஞ்சுத் தூவி,
ஒரு பிடி அமுக்கி விட்டால்
மூச்சு வாங்கிக்கொண்டு எழும்பும்.
எழும்பாவிட்டால் பஞ்சு.
வருகிறவர்கள் ஜாக்கெட்டைக் கண்ணால் பார்க்கிறார்கள்,
விலைச்சீட்டைத்தான் கையால் தொடுகிறார்கள்.
கற்றுக்கொண்டது நான் மட்டும்.

வியாழக்கிழமை விடுப்பு.
கம்பிவண்டியில் மேலே ஏறினேன், எல் ஆல்ட்டோ சந்தைக்கு.
எதிரே ஒரு பெண், மடியில் சேவல்.
சேவலுக்கும் கம்பளி போர்த்தியிருந்தாள்.

சந்தையில்
யார் யாரோ கழற்றிப் போட்டதெல்லாம்
நீலத் தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கிறது.
மலை என்று சொல்லலாம்.
நிஜ மலை, பனியோடு, பின்னாலேயே நிற்பதால்
சொல்லக் கூச்சமாயிருக்கிறது.

மூன்று மணிநேரம் தோண்டினேன்.
முதுகில் ஏதோ வங்கியின் பெயர் போட்ட ஒன்று.
ஒரு கை மட்டும் நீண்ட ஒன்று.
எங்கள் கடையின் அதே முத்திரை, ஓரெழுத்து கூடுதலாக,
அதை மடித்து வைத்துவிட்டேன்:
சட்டை சொல்லும் பொய்க்கு
நாள்முழுதும் நான் சாட்சி நிற்க வேண்டும்.

அப்புறம் ஒரு பாசிப்பச்சை.
கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.
விட்டேன்.
எழுந்தது.

"இருநூற்று இருபது" என்றார் எலெயூத்தெரியோ.
"தொண்ணூறு."
"தொண்ணூறா? அந்த வாத்து என்னை மன்னிக்காது."
"வாத்து எப்போதோ செத்தாயிற்று. நடுப்பொத்தானையும் காணோம்."
நூற்று முப்பதில் இருவரும் இளைத்தோம்.
கொசுறு கேட்டேன்.
கொசுறு இல்லாமல் இங்கே உப்புகூட வாங்க மாட்டோம்.
பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி
ஒரு பொத்தான் எடுத்தார்:
சிவப்பு, நாலணா அகலம்,
குழந்தைச் சட்டையிலிருந்து வந்திருக்கும்.
"இதுதானா?"
"இதுதான்."

குளியல் வாளியில் ஊறவைத்தேன்.
யாருடையதோ சோப்பு வாசனை
இரண்டாம் தண்ணீரில்தான் போயிற்று.
காயக் காய டென்னிஸ் பந்தால் தட்டினேன்,
தூவி கட்டிதட்டாமலிருக்க.
கீழ்வீட்டு ரெனேத்தா மேலே வந்து
யாரை அடிக்கிறாய் என்று கேட்டாள்.

ஜிப்பில் ஒரு பனிச்சறுக்குச் சீட்டு தொங்கியது.
ஊர்ப்பெயர் வெளுத்துப்போயிருந்தது.
ஒருநாள் மட்டும் செல்லும் என்பது மட்டும்
தெளிவாக இருந்தது.
கத்தரிக்கோலை எடுத்தவள்
திரும்ப வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை, கடை வாசலில்
கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.
கார் வந்து நின்றது.
இறங்கிய அம்மாள் பொம்மையை ஒரு பார்வை பார்த்தாள்,
என்னை இரண்டு.
"அது வேண்டாம், எல்லோரிடமும் இருக்கிறது.
நீ போட்டிருக்கிறாயே, சிவப்புப் பொத்தான் வைத்த டிசைன்,
அது எவ்வளவு?"

உள்ளே முதலாளியம்மா ஃபபியோலா
எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் தொண்டையில் நூற்று முப்பது நின்றது.
அதன் பின்னால் இருநூற்று இருபது.
அதற்கும் பின்னால்,
ஒரு கணம்,
ஒன்பதாயிரம்.

"அது ஒன்றுதான் வந்தது, சென்யோரா" என்றேன்.
"விற்றுப்போயிற்று."

உள்ளே போய்ப் பொம்மையின் காலரை நிமிர்த்தினேன்.
விலைச்சீட்டை, வழக்கம்போல,
கைக்குள் மறைத்து வைத்தேன்.
என் சீட்டு வெளியேதான் தொங்குகிறது.
ஒருநாளுக்குத்தான் செல்லும்.
இது ஒன்பதாவது நாள்.